உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி: வெட்டாமல் பார்க்க ஏலுமா?

கிளிநொச்சியில் வயல் செய்யும் அப்பாவின் உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி பெருத்து வருகிறது, வெட்டாமலே புற்றுநோயா என்று பார்க்க ஏலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்கட்டமாக ஏலும். டெர்மோஸ்கோப் என்ற கைக்கருவி தோலைச் சுமார் 10 மடங்கு பெருப்பித்துக் காட்டும். அதன் ஒளி மேற்தோலின் மினுக்கத்தை நீக்கிவிடுவதால் உள்ளே படிந்த நிறம் தெரியும். உள்ளங்காலிலும் கைரேகை போல வரம்பும் வாய்க்காலும் உண்டு, வயல் மாதிரியேதான். கறுப்பு வாய்க்கால் வழியே ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். வரம்பில் ஏறி நின்றால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயோ என்று சந்தேகிப்பார்கள். எங்களைப் போன்ற கருந்தோல்காரருக்கு மெலனோமா வந்தால் பாதத்திலும் நகத்தடியிலும்தான் கூடுதலாக வரும். முள்ளுக் குத்தின தழும்பு என்று விட்டுவிடாதீர்கள். உறுதிப்படுத்த, சிறு துண்டு வெட்டிப் பரிசோதிக்கத்தான் வேணும். இந்தக் கிழமையே தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.