பின்வளவுக் கொட்டிலும் குளிர்காலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் பின்வளவுக் கொட்டிலைக் குளிர்காலத்திற்கு ஆயத்தப்படுத்த உகந்த காலம், நன்றியறிதல் நாளுக்கும் ஹலோவீனுக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்கள்தாம். அதற்குப் பின்னர் நிலம் ஈரமாகிவிடும், பகல் குறுகிவிடும், வெறுங்கையால் ஓர் ஆணியைக்கூடப் பிடிக்க முடியாது. ஆகவே கையில் இருக்கும் கடிதங்களுள் கொட்டில் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். சூடாக்கும் வசதி இல்லாத சாதாரணக் கொட்டிலை மனத்திற்கொண்டே எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

புல்வெட்டும் இயந்திரத்தின் தாங்கியில் பாதியளவு பெற்றோல் இருக்கிறது. அப்படியே உள்ளே தள்ளிவிடலாமா? (மார்க்கம்)

பாதியாக மட்டும் விடாதீர்கள். ஒன்றில் முழுவதும் நிரப்புங்கள், அல்லது முழுவதும் வெறுமையாக்குங்கள். இங்கு விற்கப்படும் சாதாரண பெற்றோலில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு எதனோல் கலந்திருக்கிறது. எதனோல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், தாங்கியின் வெற்றிடத்திற்குக் காற்று வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் எரிபொருள் சிறிது சிறிதாகக் கெடுகிறது. ஒரு மாதத்திற்கு மேல் நின்ற பெற்றோல் காபுரேற்றரின் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பகுதி) நுண்துளைகளிற் பிசினாகப் படிந்துவிடும். வசந்தத்தில் இயந்திரம் இயங்கவில்லை என்று திருத்துநரிடம் கொண்டுபோகிறவர்களிற் பெரும்பாலானோரின் நோய் இதுதான். புதிய பெற்றோலில், அது கெடாமற் காக்கும் ஸ்ரெபிலைசர் திரவம் கலந்து நிரப்பிய பின், அது காபுரேற்றர் வரை சென்றடையும்படி பத்து நிமிடங்கள் இயந்திரத்தை இயக்குங்கள். அதை வெளியே, புற்றரையில் வைத்துச் செய்யுங்கள். கொட்டிலுக்குள் இயந்திரத்தை இயக்குவது, கதவு திறந்திருந்தாலும், கார்பன் மொனொக்சைட்டுக்கு உங்களை ஒப்புக்கொடுப்பதாகும். பின்னர் தீப்பொறிச் செருகியின் வயரைக் கழற்றிவிட்டு, அடித்தட்டில் ஒட்டியிருக்கும் புல்லைச் சுரண்டி எடுங்கள். ஈரப்புல் ஆறு மாதம் ஒட்டியிருந்தால் தகடு அரித்துப்போகும்.

பார்பெக்கியூ புரொப்பேன் சிலிண்டரைக் கொட்டிலுக்குள் வைக்கலாமா? (ஸ்காபுறோ)

கூடாது. புரொப்பேன் காற்றிலும் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நின்று ஒரு பொறிக்குக் காத்திருக்கும். வெளியே, நிமிர்ந்த நிலையில், கதவு யன்னல்களிலிருந்து விலக்கி வையுங்கள். குளிரால் அதற்குக் கேடில்லை, ஏனெனில் அதன் கொதிநிலை -42 பாகை. சிலிண்டரின் கழுத்துப் பட்டையிற் பொறித்துள்ள திகதியையும் பாருங்கள். பத்தாண்டுகள் கடந்திருந்தால் எவரும் நிரப்பித் தரமாட்டார்கள்.

கறிவேப்பிலைச் சாடிகளைக் கொட்டிலுக்குள் வைத்துச் சாக்கினால் மூடினால் தப்புமா? (ஏஜாக்ஸ்)

தப்பாது. சாக்குச் சூட்டை உண்டாக்குவதில்லை. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அவை வீட்டுக்குள், தெற்கு நோக்கிய யன்னலோரத்திற்கு வந்திருக்க வேண்டும். நீங்கள் கடிதம் எழுதிய நாளிலேயே தாமதமாகிவிட்டது; இன்றே உள்ளே எடுங்கள்.

துளைகருவி, இலை ஊதும் கருவி ஆகியவற்றின் பற்றரிகள்? (பிரம்டன்)

லித்தியம் பற்றரிகளைப் பாதியளவு மின்னேற்றத்துடன் வீட்டுக்குள் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பற்றரிக்கு ஒருபோதும் மின்னேற்றாதீர்கள், உள்ளே உலோக லித்தியம் படிந்து அது நிரந்தரமாகப் பழுதடையும். ஈய அமிலப் பற்றரியின் குணம் வேறு. முழு மின்னேற்றத்துடன் இருந்தால் அது நம் குளிரிற் கெடாது. வெறுமையாக விட்டாலோ -10 பாகைக்குள்ளேயே உறைந்து வெடித்துவிடும்.

குளிர் உள்ளே வராமலிருக்கக் காற்றுத் துவாரங்கள் எல்லாவற்றையும் ஸ்பிறே ஃபோம் அடித்து மூடி, சுவருக்குப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டினேன். ஆனாலும் சென்ற பெப்ரவரியிற் கூரையிலிருந்து நீர் சொட்டி, கருவிகள் துருப்பிடித்துவிட்டன. கூரையை மாற்ற வேண்டுமா? (மிசிசாகா)

ஆண்டுதோறும் இதே கடிதம் வருகிறது. ஆண்டுதோறும் இதே பதிலை எழுதுகிறேன். உங்கள் கூரையில் ஒழுக்கு இருக்க வாய்ப்பில்லை. சொட்டியது மழைநீரும் அன்று, உருகிய பனியும் அன்று. கொட்டிலுக்குள் நீங்களே அடைத்துவைத்த ஈரம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். பலகைத் தரைக்குக் கீழுள்ள மண்ணிலிருந்தும், பனி ஒட்டியபடி உள்ளே தள்ளப்பட்ட ஸ்னோ புளோவரிலிருந்தும் (பனி அகற்றும் இயந்திரம்), நனைந்த கதிரை மெத்தைகளிலிருந்தும் வருகிறது. இரவில் தகட்டுக் கூரை வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிட, உள்ளேயுள்ள ஈரக்காற்று அதில் முட்டி உறைகிறது. சனவரியில் ஒரு விடியற்காலை கைவிளக்குடன் சென்று கூரையின் உட்புறத்தைப் பாருங்கள்: பலகையைத் துளைத்துக்கொண்டு வெளித்தெரியும் ஆணி நுனிகள் ஒவ்வொன்றிலும் வெண்பனி மொட்டாகப் பூத்திருக்கும். பத்து மணிக்கு வெயில் கூரையில் விழுந்ததும் அந்த மொட்டுகள் கரைந்து, ஆணி வரிசைக்கு நேர்கீழே, ஒரு கோடு பிடித்தாற்போற் சொட்டும். கருவிகளில் எந்தப் பக்கம் துரு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் இருக்கும். கூரை ஒழுகினால் மழைநாளிற் சொட்ட வேண்டும். மழையின்றி வெயில் நாளிற் சொட்டினால் அது உள்ளீரம்.

கொட்டிலுக்கு வேண்டியது சூடு அன்று, உலர்ச்சி. சூடாக்கப்படாத கொட்டிலின் உட்புறம், எவ்வளவு அடைத்தாலும், சில மணிநேரத்தில் வெளிக்குளிரின் அளவுக்கே இறங்கிவிடும். அடைப்பதால் நீங்கள் சம்பாதிப்பது பூஞ்சணம் மட்டுமே. இந்த எளிய உண்மையைச் சொல்லாமல், துவாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஃபோம் அடித்துக் கொடுக்கும் கைவேலைக்காரர்கள் மீது எனக்கு நெடுநாட் கோபம் உண்டு. போதாக்குறைக்கு, ஈரம் கண்டதும் சிலர் வீட்டிலிருந்து நீட்டிப்பு வயர் இழுத்து மின்சூடாக்கி வைக்கிறார்கள். பெற்றோல் இருக்கும் மரக்கொட்டிலுக்குள், எவரும் பார்த்திராத இரவில் எரியும் சூடாக்கி என்னவெல்லாம் செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் கட்டாயம் தேவையென்றால் உரிமம் பெற்ற மின்னியலாளரை அழைத்து, ஒன்ராறியோ மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துச் செய்விக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை. பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறியுங்கள். ஃபோமை வெட்டியெடுத்து, ஒரு துவாரம் சுவரின் கீழ்ப்புறத்திலும் மற்றையது எதிர்ச்சுவரில் முகட்டுக்கு அருகிலும் இருக்கும்படி திறந்து, கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். தரைக்குக் கீழே ஈரம் அதிகமாயின் மண்மீது தடித்த பொலித்தீன் விரித்து அதன்மேற் சரளைக்கல் போடுங்கள். பொலித்தீன் அங்கேதான் பயன்படும், சுவரில் அன்று. எதையும் நேராகத் தரையில் வைக்காமல் மரப் பலெற்றுகளின்மேல் அடுக்கி, சுவரிலிருந்து நான்கு விரல் விலக்கி வையுங்கள். கூரைக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.

என் கொட்டில் பனியைத் தாங்குமா? (ஊர் குறிப்பிடப்படவில்லை)

எந்தக் கொட்டில்? மரமா, தகடா, பிளாஸ்டிக்கா, கூரை சரிவா, தட்டையா, எத்தனை அடி? ஒன்றும் எழுதாமல் ஒரு வரியிற் கேட்டால் சோதிடரிடம்தான் போக வேண்டும். ஆனாலும் மற்றையோருக்கு உதவும் என்பதால் கணக்கைத் தருகிறேன். எட்டுக்குப் பத்து அடிக் கூரையில் ஓர் அடி புதுப்பனி விழுந்தால் சுமை ஏறத்தாழ 200 கிலோ. அதே ஓரடி, மழை கலந்து இறுகிய பனியாக இருந்தால் 600 கிலோவைத் தாண்டும். சரிவான மரக்கூரை இதைத் தாங்கும். கடையில் பெட்டியாக வாங்கிப் பூட்டிய தகட்டுக் கொட்டிலும் பிளாஸ்டிக் கொட்டிலும் வளையலாம். அவ்வாறானவற்றில், அரையடி சேர்ந்ததும், நிலத்தில் நின்றபடியே நீண்ட கைப்பிடியுள்ள கூரை வாரியால் இருபுறமும் மாறிமாறி இழுத்துவிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முற்றாக வழித்தால் சுமை சமனிழந்து சட்டகம் முறுக்கிக்கொள்ளும். ஏணி வைத்து ஏறாதீர்கள்.

சுண்டெலித் தொல்லை. போதாததற்குக் கொட்டிலின் கீழே, நாற்றநீர் பீச்சும் ஸ்கங்க் என்ற விலங்கொன்றும் குடியிருக்கிறது. (பிக்கரிங்)

சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் துளையே போதும். துளைகளில் உருக்குக் கம்பிச் சுருளைத் திணித்து, அதன்மேல் வெளிப்பாவனைக்குரிய சீலண்ட் பூசுங்கள். ஃபோமை மட்டும் அடித்தால் கடித்துக்கொண்டு வந்துவிடும். துளையை அடைக்கச் சொன்னேன் என்பதற்காகக் காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள், அதற்குக் கம்பிவலை. பறவைத் தீனியையும் புல்விதையையும் மூடியுள்ள தகரவாளியில் வையுங்கள். எலிப் புழுக்கைகளை உலர்ந்தபடி கூட்டக்கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து தெளித்து ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து துடைத்தெடுங்கள்.

ஸ்கங்க் உள்ளே இருக்கும்போது வழியை அடைத்தால் அது அங்கேயே செத்து, வசந்தம் வரை உங்களை நினைவில் வைத்திருக்கும். அதன் வளை வாசலிற் கடதாசியைத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். இரண்டு மூன்று இரவுகள் அது அசையாதிருந்தால் வளை வெறுமை என்று கொள்ளலாம். பின்னர் கம்பிவலையை ஓரடி ஆழத்தில் வெளிநோக்கி மடித்துப் புதையுங்கள். கடுங்குளிரில் ஸ்கங்க் நாட்கணக்கில் வெளியே வராது என்பதால் இச்சோதனை இலையுதிர்காலத்தில்தான் செல்லும். பொறிவைத்துப் பிடித்துத் தொலைவிற் கொண்டுபோய் விடுவதற்கு ஒன்ராறியோச் சட்டம் இடங்கொடாது. பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் விட வேண்டும்.

மீதமான பெயின்ற் ஆறு வாளிகளும், ஊரிலிருந்து கொண்டுவந்த புகைப்பட அல்பங்கள் இரண்டு பெட்டிகளும் கொட்டிலில் இருக்கின்றன. (ஸ்காபுறோ)

நீர் கலந்த பெயின்ற் உறைந்து உருகினாற் கட்டிதட்டிவிடும். அதை நிலக்கீழ் அறைக்கு மாற்றுங்கள். அல்பங்களை அங்கே வைத்ததற்கு உங்களை என்ன சொல்வது? ஒரே ஈரக்குளிர் காலத்திற் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பின் பிரித்தாற் படலம் உரிந்துவிடும். அவற்றை இன்றைக்கே வீட்டுக்குள், நிலக்கீழ் அறைக்கும் அன்றி, மேல்தளத்து அலுமாரிக்குக் கொண்டுபோங்கள்.

மண்வெட்டிக் கைப்பிடிகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா? (மார்க்கம்)

குளிரில் உறைந்து மேலே வெள்ளையாக நிற்கும், பின்னர் சிக்கு வாடை வீசும். மரத்திற்கு ஆளிவிதை எண்ணெயும் இரும்புக்கு மெல்லிய இயந்திர எண்ணெயும் பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிட்ட பின்னரே குப்பையிற் போடுங்கள்.

ஸ்னோ புளோவரை எங்கே வைப்பது? உப்பு மூட்டைகளை? (பிரம்டன்)

ஸ்னோ புளோவரைக் கதவருகில், முகம் வெளிநோக்க வையுங்கள். டிசம்பரில் அதை எடுக்கப் புல்வெட்டும் இயந்திரத்தையும் பிள்ளைகளின் சைக்கிள்களையும் முதலிற் பனிக்குள் இறக்கிவைக்கும் குடும்பங்கள் பல. ஒக்டோபரிலேயே ஒருமுறை இயக்கிப் பாருங்கள், அப்போதுதான் திருத்துநருக்கு நேரம் இருக்கும். முறிவதற்கென்றே செய்யப்பட்ட முள்ளாணிகள் நாலைந்து மேலதிகமாக வாங்கி வையுங்கள். அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண போல்ட்டைப் பூட்டினால் அடுத்த பனிக்கட்டியில் முட்டும்போது முறிவது பற்சக்கரப் பெட்டியாக இருக்கும்.

உப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பை அரிக்கும்; மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில், கருவிகளுக்கு எதிர் மூலையில் வையுங்கள். தரையில் வைக்காதீர்கள் என்று இன்னொரு முறை எழுதுகிறேன். சாதாரண உப்பு -10 பாகைக்குக் கீழே சோர்ந்துவிடும் என்பதால், கல்சியம் குளோரைட் ஒரு சிறு வாளியும் வைத்திருப்பது நல்லது.

பெரிய கொட்டில் ஒன்று கட்ட எண்ணம். அனுமதி வேண்டுமா? (ஏஜாக்ஸ்)

ஒன்ராறியோவில் 2022 முதல் 15 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 160 சதுர அடி வரையுள்ள, வீட்டோடு ஒட்டாத, நீர்க்குழாய் இல்லாத, ஒரே தளமுள்ள களஞ்சியக் கொட்டிலுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. எல்லைவேலியிலிருந்து எவ்வளவு விலக வேண்டும், எவ்வளவு உயரலாம் என்பவை நகரத்துக்கு நகரம் வேறுபடும். அதை நகரசபையிற் கேளுங்கள். சரளைக்கல் மேடையை இப்போதே போட்டுவிட்டு, கொட்டிலை வசந்தத்திற் கட்டுங்கள்.

பூட்டு உறைந்துவிடுகிறது. சுடுதண்ணீர் ஊற்றலாமா? (மிசிசாகா)

கூடாது, ஊற்றிய நீர் உள்ளே இறங்கிச் சில நிமிடங்களில் முன்னிலும் இறுகலாக உறையும். பூட்டு உலர்ந்திருக்கும்போதே சிறிது கிராபைற் தூளைத் திறவுகோல் துளைக்குள் ஊதிவிட்டு, மேலே ரப்பர் மூடி ஒன்று தொங்கவிடுங்கள். உறைந்த பின்னரென்றால் பூட்டிலுள்ள பனியை உருக்கும் திரவத்தைச் செலுத்துங்கள். அந்தச் சிறு போத்தலை வீட்டுக்குள் வையுங்கள், கொட்டிலுக்குள் அன்று.