குத்தாமல் சர்க்கரை காட்டும் கடிகாரத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா?

போச்சம்பள்ளி வாசகி ஒருவர் கேட்கிறார்: அம்மாவுக்கு 61 வயது, நீரிழிவு. விரலில் குத்திக் குத்தித் தோல் காய்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு முகவர், குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் கைக்கடிகாரம் தருவதாகச் சொல்கிறார். ‘சர்க்கரையை மட்டும் பிடிக்கும் செயற்கை மூலக்கூறு’ அதில் இருக்கிறதாம். 2,000 ரூபாய் முன்பணம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

அவர் சொல்லும் மூலக்கூறு பொய்யல்ல. அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக இதற்குப் போராடுகிறார்கள். குளுக்கோஸ் தண்ணீரைப் போலவே நடந்துகொள்ளும் பொருள். நம் ரத்தத்தில் ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் தண்ணீர் மூலக்கூறுகள். சந்தைக் கூட்டத்தில் ஒரே நிறச் சட்டை போட்ட பத்தாயிரம் பேருக்கு நடுவே ஒருவரை மட்டும் கைபிடித்து நிறுத்துவது போன்ற வேலை அது. பாலிலிருந்து கிடைக்கும் கேலக்டோஸ் என்ற சர்க்கரையோ, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குளுக்கோஸிலிருந்து மாறுபட்டது; அதையும் தவறிப் பிடித்துவிடக் கூடாது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அந்தோணி டேவிஸ் குழுவினர் 2019-இல் வெளியிட்ட கூண்டு வடிவ மூலக்கூறு இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தது. மேலும் கீழும் தண்ணீரை ஒதுக்கும் தட்டுகள், பக்கங்களில் குளுக்கோஸைப் பற்றிக்கொள்ளும் யூரியாத் தூண்கள்.

ஆனால் எந்தக் கூண்டும் குளுக்கோஸைத் தொட்டால்தான் பிடிக்கும். குளுக்கோஸ் இருப்பது தோலுக்கு அடியில். கடிகாரம் இருப்பது தோலுக்கு மேலே. அதன் அடியில் மின்னும் பச்சை விளக்கு நாடித்துடிப்பு பார்ப்பதற்கு. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

செயற்கை மூலக்கூறால் சர்க்கரை அளக்கும், அனுமதி பெற்ற கருவி ஒன்று உண்டு. முகவர் அதைத்தான் காட்டுவார். எவர்சென்ஸ் என்ற கருவியில் செயற்கை மூலக்கூறுதான் வேலை செய்கிறது. போரான் என்ற தனிமம் கொண்ட அந்த மூலக்கூறில் குளுக்கோஸ் ஒட்டினால் ஒளிரும் அளவு மாறும். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதை மருத்துவர் மேற்கையில் தோலைக் கீறி உள்ளே வைக்க வேண்டும். அதிலும் பலவீனம் இருக்கிறது: டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரையை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். இத்தனை ஆராய்ச்சிக்குப் பின் வந்த கருவிக்கே இந்த நிலை என்றால், சந்தைக் கடிகாரத்தை நம்பி இன்சுலின் போடுவது உயிரோடு விளையாடுவது.

2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆனாலும் ‘உடல்நலத் துணைக்கருவி’ என்று பெட்டியில் அச்சடித்துவிட்டு, வாயால் மட்டும் சர்க்கரை பார்க்கும் என்று விற்கிறார்கள். சோதிக்க வேண்டியவர்கள் சந்தைப் பக்கம் வருவதில்லை. உரிம எண் கேட்கும் சுமை நோயாளியின் மகள் தலையில் விழுகிறது. இது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை.

அம்மாவுக்கு விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். ஒவ்வொரு முறையும் விரலையும் ஊசியையும் மாற்றுங்கள். மாத்திரை மட்டும் சாப்பிடும் பலருக்குத் தினமும் குத்தத் தேவையே இருக்காது; அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் ஊழியர் வீட்டுக்கு வரும்போது இதைக் கேளுங்கள். முன்பணம் ஏற்கெனவே போயிருந்தால் ரசீதோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.