பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டருக்கு எந்தக் கலப்பை வாங்கலாம்? மூன்று சட்டி (மண்ணை வெட்டும் வட்டத் தட்டு) உள்ள கலப்பையை இழுக்குமா?

மூன்று சட்டி வேண்டாம். இரண்டு சட்டி வாங்குங்கள், அதை ஒழுங்காகப் பொருத்துங்கள்.

அப்பா ஓட்டிய வண்டியைக் காசு செலவழித்து ஓட வைத்திருக்கிறீர்கள். ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். "மூணு சட்டியா எடுங்க, வேலை சீக்கிரம் முடியும்" என்று கடையில் யாராவது சொல்லியிருக்கலாம். எங்களிடம் சொன்னது அதைவிட மோசம். "இந்த வண்டிக்குக் கலப்பை எதுக்கு? எடைக்குப் போட்டுட்டு அம்பது குதிரைத்திறன்ல ஒண்ணு எடுங்க" என்றார் ஒரு கடைக்காரர். பக்கத்தில் என் சித்தப்பா நின்றிருந்தார். அந்த வண்டியில் உழுதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் படிக்க வைத்தார். அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத அதுதான் காரணம்.

எங்களுடையது விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல், முழுக்க மானாவாரி. கோடை மழை ஒன்று விழுந்ததும் ஆழ உழுது போட்டால்தான் புரட்டாசி மழை நிலத்துக்குள் இறங்கும். வளைந்த தகடு வைத்த இறக்கைக் கலப்பை மண்ணை அழகாகப் புரட்டும், ஆனால் ஈரக் கரிசல் அதன் இறக்கையில் அப்பிக்கொண்டு விழாது. எங்களுக்குச் சட்டிக் கலப்பைதான். சட்டி சுழல்வதால் மண் அவ்வளவாக ஒட்டாது, ஒட்டியதை அதிலுள்ள சுரண்டித் தகடு தள்ளிவிடும். 35, 36 குதிரைத்திறன் வண்டிக்கு இரண்டு சட்டி சரியான பாரம். மூன்று போட்டால் மேலாகக் கீறத்தான் முடியும், இல்லையென்றால் டயர் சுழலும். அகல உழுவதைவிட ஆழ உழு என்று பெரியவர்கள் சொன்னது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

எங்கள் வண்டிக்குக் கலப்பையைப் பொருத்திக் கொடுத்தவர் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சி. இரண்டு சட்டிக் கலப்பையை இரண்டாம் கையாக வாங்கியிருந்தோம். அவர் முதலில் பார்த்தது கலப்பையை வண்டியோடு இணைக்கும் இரும்பு முளை, அதாவது 'பின்' மாட்டும் ஓட்டைகளைத்தான். நம் வண்டியின் பின்னால் கலப்பையைத் தாங்கும் இரண்டு கீழ்க் கைகளுக்கு 22 மில்லிமீட்டர் பின். பெரிய வண்டியில் ஓடிய கலப்பை என்றால் ஓட்டை 28-க்கு இருக்கும். அப்படியே மாட்டினால் கலப்பை ஆடிக்கொண்டே வரும், சால் நேராக வராது. ஓட்டைக்குள் புஷ் என்ற இரும்பு வளையம் போட்டு ஆட்டத்தை எடுத்தார்.

அப்புறம் களத்தில் சமதரையாகப் பார்த்து, வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தினார். எவ்வளவு ஆழம் உழப்போகிறோமோ ஏறக்குறைய அந்தக் கனத்துக்குக் கட்டை. உழும்போது வலப்பக்கச் சக்கரங்கள் சாலுக்குள் ஓடும், இடப்பக்கம் உழாத நிலத்தில் ஓடும், வண்டி சாய்ந்துதான் போகும். அந்தச் சாய்வைக் களத்திலேயே உண்டாக்கி, வலது கீழ்க் கையைத் தூக்கும் லிப்ட் ராடைத் திருகிக் கலப்பையைக் குறுக்காக மட்டம் செய்தார். முன்பின் மட்டத்துக்கு, கலப்பையின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க். அதைக் குறைத்தால் கலப்பை முன்பக்கம் குத்தும், நீட்டினால் பின்பக்கம் இறங்கும். கீழ்க் கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைக் கொஞ்சம் தளர்வாக விட்டார்.

சட்டியின் கோணத்தில்தான் அவருக்கு நேரம் பிடித்தது. போகும் திசைக்குச் சட்டி திரும்பியிருக்கும் கோணம் 42 முதல் 45 டிகிரி, பின்பக்கச் சாய்வு 15 முதல் 25 டிகிரி. நிலம் இறுகிச் சட்டி இறங்க மறுத்தால் சாய்வைக் குறைக்க வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் கலப்பை மேல் எடை ஏற்ற வேண்டும். சட்டிக் கலப்பை தன் எடையால்தான் மண்ணுக்குள் போகிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. கலப்பையின் பின்னால் உள்ள சிறு சக்கரம் கடைசிச் சாலின் ஓரத்தை அணைத்து ஓட வேண்டும். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

டாப் லிங்குக்குப் பதில் பைப்பை வெல்டிங் வைத்து மாட்டாதீர்கள். இரண்டு கீழ்க் கைகளும் டாப் லிங்கும் சேர்ந்த அந்த மூன்று புள்ளி இணைப்புதான் இந்த வண்டியின் உயிர். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் உருவாக்கியது, 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வரத் தொடங்கிய டிஇ20 டிராக்டரிலும் இதுதான். நிலம் இறுகும்போது கலப்பை டாப் லிங்கை முன்னால் தள்ளும், அது பின்னால் உள்ள ஸ்பிரிங்கை அமுக்கும், ஹைட்ராலிக் கலப்பையைத் துளி தூக்கிக் கொடுக்கும். பாரம் பின் டயருக்கு மாறிப் பிடிப்புக் கிடைக்கும். இரண்டு டன்கூட இல்லாத வண்டி ஆழ உழுவது இதனால்தான். அந்த ஸ்பிரிங்கில் ஆட்டம் இருந்தால் கலப்பை குதித்துக் குதித்துப் போகும், முதலில் அதைப் பாருங்கள்.

முதல் சாலிலேயே முக்கால் அடி இறங்கியது. டயர் சுழலவில்லை. சித்தப்பா மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, மறு சாலுக்கு என்னை இறக்கிவிட்டு அவரே ஏறி உட்கார்ந்தார்.

மண்ணைக் கொத்திப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை நான் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்களிடமும் வாடகைக்கு வருகிறது. வருடம் முழுக்க அதையே ஓட்டினால் கீழே மண் இறுகித் தட்டு விழும், மழைத் தண்ணீர் இறங்காது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் புஞ்சைக்குப் போகும் வண்டிப்பாதையை இரண்டு பக்கத்துக்காரர்களும் வருடத்துக்கு ஒரு சால் சேர்த்து உழுது உழுது ஒற்றையடிப் பாதையாக ஆக்கிவிட்டார்கள். கலப்பை மாட்டிய வண்டி போக வழியில்லை. அளந்து கொடுங்கள் என்று மனுக் கொடுத்தோம், இன்னும் யாரும் சங்கிலியோடு வரவில்லை. ஒருவர் வெள்ளாமை முடியும் வரை இன்னொருவர் உழவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் நிலத்தின் ஈரம் போய்விடுகிறது. பாதை எல்லாருக்கும் பொது என்பது நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதைச் செய்கிறார்கள்.

உங்கள் நிலம் கரிசலா செவலா என்று நீங்கள் எழுதவில்லை. கல் இல்லாத செவல் என்றால் இறக்கைக் கலப்பையையும் யோசிக்கலாம். கலப்பையில் என்ன அளவுப் பின் இருக்கிறது என்பதையும் பார்த்து எழுதுங்கள்.