ஆப்டிகல் ஃபைபர் பயோசென்சர் மாரடைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாரடைப்பை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தை ஒளியை வைத்து அளக்கிறது.

இந்த ஃபைபர், அதாவது கண்ணாடி இழை, நமக்குத் தெரிந்ததுதான், இன்டர்நெட் கேபிளில் இருப்பது. தடிமன் 125 மைக்ரான். ஓரிடத்தில் அமிலத்தால் அரித்தோ, சூடாக்கி இழுத்தோ மெலிதாக்கினால், உள்ளே போகும் ஒளி சில நூறு நானோமீட்டர் வெளியே எட்டிப்பார்க்கும். அங்கே ட்ரோபோனினைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசுவார்கள். புரதம் ஒட்ட ஒட்ட, அங்குள்ள ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) மாறி, வெளிவரும் ஒளியில் உச்சமாகவோ மங்கலாகவோ தெரியும் அலைநீளம் நகரும். டம்ளரில் தண்ணீர் ஏற ஏறத் தட்டும் ஓசை மாறுமே, அது மாதிரி.

ரத்தத்தில் ஏராளமாக உள்ள ஆல்புமின் என்ற புரதமும் சும்மா வந்து ஒட்டும். அதனால் ஆன்டிபாடி போக மிச்ச இடத்தை முதலிலேயே அடைத்துவிட வேண்டும். பெரிய தலைவலி வெப்பம்தான். சேலம் வெயிலில் அளவு சரிபார்த்த கருவியை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக் குளிரில் வைத்தால், புரதமே இல்லாமல் அலைநீளம் நகரும். ஆன்டிபாடி பூசாத இன்னொரு இழையைப் பக்கத்தில் வைத்து அந்த நகர்வைக் கழிப்பார்கள்.

பலர் நினைப்பதுபோல இழையை ரத்தக் குழாய்க்குள் விடுவதில்லை, வெளியே எடுத்த ரத்தத்தில்தான் சோதனை. நெஞ்சுவலி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் ட்ரோபோனின் ஏறாமல் இருக்கலாம் என்பதால், அப்போது 'நார்மல்' என்று வந்தாலும் ஈசிஜி எடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்தே ஆக வேண்டும்.