மறு: ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ போதைப் பாட்டா?

தம்பி, ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ (தண்ணி மேல புகை)ங்கற தலைப்பைப் பார்த்துட்டு "இது போதைப் பாட்டு, விழாவுல வேண்டாம்"னு பேராசிரியர் சொன்னார்னு எழுதியிருக்கீங்க. தைரியமா போய்ப் பேசுங்க. அது ஒரு தீவிபத்தைப் பத்தின பாட்டு. கிட்டத்தட்ட பத்திரிகைச் செய்தி மாதிரிதான் இருக்கும்.

1971 டிசம்பர் 4. இந்தப் பாட்டைப் போட்ட டீப் பர்ப்பிள்ங்கற ராக் குழு ஆல்பம் பதிவு பண்ண சுவிட்சர்லாந்துல மோந்த்ரோ ஊருக்கு வந்திருந்தாங்க. பதிவு நடக்க வேண்டிய கசினோவுல அன்னைக்கு ஃபிராங்க் ஸாப்பாங்கற ராக் கலைஞரோட கச்சேரி. கூட்டத்துல எவனோ ஒருத்தன் ஃப்ளேர் துப்பாக்கியை (சிக்னலுக்கு வெளிச்சம் விடுற துப்பாக்கி) மேல பார்த்துச் சுட்டான், கட்டடமே எரிஞ்சுபோச்சு. ஜெனீவா ஏரி மேல படர்ந்த புகைதான் தலைப்பு. பாட்டுல வர்ற ‘ஃபங்கி கிளாட்’, உள்ள சிக்கின பசங்களை இழுத்து வெளிய கொண்டுவந்த கிளாட் நோப்ஸ். மோந்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர்.

தலைப்பு குழுவோட பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் க்ளோவருக்குத் தோணினது. போதைப் பாட்டுன்னு நினைப்பாங்களேன்னு குழுவுக்குள்ளயே தயக்கம் இருந்துச்சு, அதனால உங்க பேராசிரியரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது!

1972ல இந்தப் பாட்டு இருக்கிற ‘மெஷின் ஹெட்’ ஆல்பம் வந்தப்போ அவங்க ஹிட் ஆகும்னு நம்பினது ‘நெவர் பிஃபோர்’ பாட்டை. அது எடுபடலை. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’தான் 1973ல அமெரிக்காவுல சிங்கிளா (தனிப் பாட்டா) வந்து பில்போர்டு தரவரிசைப் பட்டியல்ல 4ஆம் இடம் வரை போச்சு.

அப்புறம் விழாவுல வாசிக்கறப்போ அந்த ரிஃபை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்டு) பிக் (கம்பியை மீட்டுற சின்னத் தகடு) வச்சு அடிக்காதீங்க. குழுவோட கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் டி, ஜி ரெண்டு கம்பியையும் விரலால ஒண்ணா சுண்டுவார்.