அலுவலகத்தில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். வாயைத் திறந்தாலே 'மதம் மாத்தப் பாக்குறியா' என்கிறார்கள். நல்ல சாட்சியாக எப்படி வாழ்வது?

ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வசனம் அனுப்பும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்திவிடுங்கள். குட்மார்னிங் பூப்படத்துக்குக் கிடைக்கும் மரியாதைதான் அதற்கும் கிடைக்கும்.

நான் நெல்லைப் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். சாட்சி, அதாவது விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது, என்றதும் என் நினைவுக்கு வருவது எங்கள் அத்தை. அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு கெட்ட வழக்கம் உண்டு. குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி வெளியே கொண்டுவருகிறவர் கையில் காசு வைத்தால்தான் பிள்ளை உறவுக்காரர் கைக்கு வரும். ஆணுக்கு ஒரு ரேட், பெண்ணுக்கு ஒரு ரேட். அத்தை இதற்காக யாரோடும் சண்டை போடவில்லை, மேலிடத்துக்கு எழுதிப் போடவும் இல்லை. தன் ட்யூட்டியில் பிறக்கும் குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஆச்சி கையில் கொடுத்து, "ரெண்டே முக்கால் கிலோ, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். நாளடைவில், "அந்த சிஸ்டர் ட்யூட்டில இருந்தா காசு கேக்க மாட்டாவ" என்று வெளியே பேச்சாயிற்று.

உடனே வார்டே மனந்திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வரும்படி போன ஆயாக்களில் ஒருவர் கடைசிவரை அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தை ட்யூட்டி முடிந்து கிளம்பியதும் அடுத்த ஷிப்டில் பழைய கதைதான்.

இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று மோதுவதுபோல் இருக்கும். மத்தேயு 5:16, மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே, மனுஷர் காண வேண்டுமென்று தர்மம் செய்யாதீர்கள் என்கிறது. அத்தையை வைத்துத்தான் எனக்கு இது பிடிபட்டது. பிள்ளை ஆச்சி கைக்குப் போனதை வராந்தாவில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அத்தை அதைச் செய்யவில்லை.

இதையே இன்னும் பெரிதாகப் பார்க்க வேலூருக்குப் போகலாம். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே படித்த டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் நடந்த வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்துவிட்டன. இனி நின்றுகொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது. ஆனால் தொழுநோயில் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார், 1966-ல் அதற்கென்றே ஒரு மையம் வேலூரில் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ. தண்டுவடம் முறிந்து படுத்திருக்கிறவரிடம் 'தைரியமா இருங்க' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சக்கர நாற்காலியில் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் சொன்னால் அது வேறு.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் அசனம் (சர்ச்சில் எல்லோருக்கும் போடும் விருந்து) என்றால் மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் கல்யாணம் என்று வந்தால்? "உங்க ஆளுங்களும் மேட்ரிமோனியில சாதி போட்டுத்தானே தேடுறாங்க?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே சாதி பார்த்து இடம் பிரித்திருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் கேட்டிருப்பான். நாம் பேசும் அன்பை இந்த ஒரு விஷயம் கெடுக்கிற அளவுக்கு வேறு எதுவும் கெடுப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை ஆபீஸ் கவனிக்கும்.

மற்றபடி ஆபீஸில் பெரிதாக எதுவும் தேவையில்லை. பொய் மெடிக்கல் பில் வைக்காதீர்கள். ஜூனியர் செய்த வேலையை மேனேஜர் உங்களுடையது என்று நினைத்துப் பாராட்டினால், அங்கேயே அவர் பெயரைச் சொல்லுங்கள். டீ இடைவேளையில் இல்லாதவரைப் பற்றிப் பேச்சு ஓடும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள்.

விசுவாசத்தைப் பற்றிப் பேசவே கூடாதா என்றால், பேசலாம். 1 பேதுரு 3:15-ஐப் பாருங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, அதுவும் சாந்தத்தோடு, பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. கேட்காதவரைத் துரத்திப் பிடித்துச் சொல்லச் சொல்லவில்லை.

கூட வேலை செய்கிறவரின் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால், 'ஜெபிச்சிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள், ஆளில்லை என்றால் ஒரு ராத்திரி போய் இருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட்டு, காலையில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.