ராத்திரி ரவுட்டரை அணைத்தால் பேட்டரி விடியும்வரை தாங்குமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்கள் காபி, மிளகுத் தோட்டத்தில் கரண்ட் இல்லை. 200 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர். 4ஜி ரவுட்டர், பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுப்பது), இரண்டு கேமரா அதில்தான் ஓடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் விடிவதற்குள் எல்லாம் அணைந்துவிடுகிறது. ராத்திரி 10 முதல் காலை 5 வரை ரவுட்டர் தானாக அணைந்து எழும்படி வைக்கலாமா? நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன், அடிக்கடி மலையேற முடியாது.

பதில்: வைக்கலாம். ஆனால் டைமர் வாங்கும் முன் கணக்கைப் பாருங்கள். ரவுட்டர் சுமார் 6 வாட் எடுக்கும் என்றால் 7 மணி நேரம் அணைத்து மிச்சமாவது 42 வாட்-அவர்தான். சின்ன இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நின்றாலே 10 வாட் வரை இழுக்கும், சிலது அதற்கும் மேல். ஒரு நாளைக்கு 240 வாட்-அவர். உங்கள் பேட்டரியில் ஆயுள் கெடாமல் எடுக்க முடிவது பாதி, அதாவது 1200-இல் சுமார் 600 வாட்-அவர். ஆக, முதலில் போக வேண்டியது இன்வெர்ட்டர்.

ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் அவுட்புட் என்று இருந்தால் பேட்டரியிலிருந்தே ஓட்டலாம், ஆனால் நேரடியாகச் சொருகாதீர்கள், சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை ஏறும் என்பதால் நடுவில் ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் வேண்டும், ஃபியூஸும் வேண்டும். பிஓஇ ஸ்விட்சுக்கு, 12 வோல்ட் வாங்கி உள்ளேயே 48 ஆக ஏற்றிக்கொள்ளும் மாடலைத் தேடுங்கள்.

சரி, இனி டைமர். கேமராவையும் ஸ்விட்சையும் ராத்திரி அணைக்கச் சொல்ல மாட்டேன், காவல் தேவைப்படுவதே அப்போதுதான். கேமராவில் மெமரி கார்டு போட்டுவிட்டால் இணையம் இல்லாமலும் பதிவாகும். ஆனால் ரவுட்டர் தூங்கும்போது உங்கள் போனுக்கு அலர்ட் வராது. அது வேண்டுமென்றால் மணிக்கொரு முறை 10 நிமிடமாவது எழுப்புங்கள், ரவுட்டர் பூட் ஆகி சிக்னல் பிடிக்கவே ஓரிரு நிமிடம் போய்விடும்.

ரவுட்டர் தன்னைத்தானே முழுதாக அணைத்துக்கொண்டு பிறகு எழாது. மைக்ரோடிக் ரவுட்டர், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் போன்றவற்றின் உள் ஷெட்யூலரால் வைஃபையை அணைக்கலாம், சில மாடல்களில் பிஓஇ போர்ட்டையும் அணைக்கலாம், அவ்வளவுதான். அதைப் பயன்படுத்தினால் டைம்ஸோனைப் பாருங்கள்: யூடிசியில் (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால்) விட்டுவிட்டால் இரவு 10 என்று போட்டது நமக்கு அதிகாலை 3.30. இந்த வகை ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது, மின்சாரம் போய் வந்தால் இணையத்தில் நேரம் வாங்கும்வரை ஷெட்யூல் தாறுமாறுதான்.

அதனால் வெளியே தனியாக ஒரு 12 வோல்ட் டிசி டிஜிட்டல் டைமர், நேரத்தைக் காக்க உள்ளே பேட்டரி உள்ளதாக. வயரிங்கில்தான் விஷயமே இருக்கிறது. ரவுட்டருக்குப் போகும் லைனை டைமரின் ரிலேயில் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) என்சி முனை, அதாவது ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது இணைந்தே இருக்கும் முனை, வழியாகக் கொடுத்து, டைமரை இரவு 10க்கு ஆன், 5க்கு ஆஃப் என்று வையுங்கள். டைமர் ஆன் ஆனால் ரவுட்டர் அணையும். ரிலே காயில் ராத்திரி கொஞ்சம் கரண்ட் எடுக்கும், பரவாயில்லை. டைமர் செத்துப்போனாலும் ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் மலையேற வேண்டாம்.

என்னைக் கேட்டால், மணியைவிட வோல்டேஜைப் பார்த்து அணைப்பது இன்னும் மேல். மாசி, பங்குனி வெயிலில் எதற்கு அணைக்க வேண்டும்? சார்ஜ் கன்ட்ரோலரில் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் பெட்டி) கருவிகளை மாட்டும் லோட் முனையில் ரவுட்டரை மட்டும் மாட்டி, கட்-ஆஃப் 12.0, திரும்ப எழ 12.6 என்று வையுங்கள். பல கன்ட்ரோலர்களில் கட்-ஆஃப் 11.1 என்று வரும், இவ்வளவு குறைந்த லோடுக்கு அது ரொம்பத் தாமதம், பேட்டரி அதற்குள் காலியாகியிருக்கும். கன்ட்ரோலர் தெருவிளக்கு மோடில் இருந்தால் 24 மணி மோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ரவுட்டர் பகலில் அணைந்து ராத்திரி மட்டும் ஓடும். பின்னாளில் லித்தியம் பேட்டரிக்கு மாறினால் இந்த எண்கள் பொருந்தாது, அதன் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது.

எல்லாம் மாட்டியதும் அங்கிருந்தபடியே 10 நிமிடம் ஆஃப் என்று வைத்து இரண்டு மூன்று சுற்று பாருங்கள். அப்புறம் டைமர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ரவுட்டர் ஓடுகிறதா என்றும் பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள்.